அங்கீகாரம் சரி, நிலம் எங்கே?

ஆசிரியருக்கு,

பாலஸ்தீனத் தனி நாடு நெருங்கி வந்துவிட்டது என்ற தங்கள் தலையங்கம் படித்தேன். 2025 செப்டம்பரில் பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, பிரான்ஸ் என்று அடுத்தடுத்து பாலஸ்தீனத்துக்குத் தனி நாடாக அங்கீகாரம் கிடைத்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால், தங்களுக்கு இருக்கும் நம்பிக்கை எனக்கு வரவில்லை. நாடு என்றால் முதலில் நிலம் வேண்டுமே! அதுதான் நாளுக்கு நாள் கைவிட்டுப் போகிறது.

அதற்கு முந்தைய மாதம்தான், தான் ஆக்கிரமித்துள்ள மேற்குக் கரையில் தன் மக்களைக் குடியமர்த்தும் ‘இ-1’ குடியேற்றத் திட்டத்துக்கு இஸ்ரேல் ஒப்புதல் தந்தது. கிழக்கு ஜெருசலேமுக்கும் மாலே அதுமிம் குடியேற்றத்துக்கும் நடுவே சுமார் 3,400 வீடுகள். வரைபடத்தைப் பார்த்தால் விஷயம் விளங்கும். வடக்கே ரமல்லா, தெற்கே பெத்லகேம் என்ற பாலஸ்தீன நகரங்கள், இடையில் ஜெருசலேம். இஸ்ரேல் தரும் பர்மிட் இல்லாத மேற்குக் கரைப் பாலஸ்தீனர் ஜெருசலேமுக்குள் நுழைய முடியாது. ரமல்லாவிலிருந்து பெத்லகேமுக்கு வாதி நார் பள்ளத்தாக்கின் செங்குத்துச் சாலையில் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். வழியில் சோதனைச் சாவடி வேறு. இ-1 எழும்பினால் நடுவிலுள்ள இந்த இடமும் அடைபட்டு மேற்குக் கரை இரண்டு துண்டாகிவிடும். பாலஸ்தீன நாடு என்ற எண்ணத்தையே இத்திட்டம் புதைத்துவிடும் என்று இஸ்ரேல் நிதியமைச்சர் ஸ்மோட்ரிச் வெளிப்படையாகவே சொன்னார்.

மேற்குக் கரையில் சுமார் 60 சதவீதம் ‘சி’ பகுதி. பாலஸ்தீனத் தலைமையும் இஸ்ரேலும் செய்துகொண்ட 1995 ஓஸ்லோ உடன்பாட்டில் தற்காலிக ஏற்பாடாக இஸ்ரேல் வசம் விடப்பட்டது, இன்றுவரை திரும்பவில்லை. அங்கே சொந்த நிலத்தில் வீடு கட்டவும் கிணறு தோண்டவும் இஸ்ரேலிடம்தான் அனுமதி கேட்க வேண்டும். கேட்டாலும் பெரும்பாலும் கிடைப்பதில்லை. பாலஸ்தீனத்துக்கு வரும் சரக்குகளுக்குச் சுங்க வரி வசூலிப்பதும் இஸ்ரேல்தான். அந்தப் பணத்தைப் பாலஸ்தீன நிர்வாகத்துக்குத் தராமல் அது நிறுத்தி வைக்கும்போதெல்லாம் ஆசிரியர்களுக்கும் செவிலியர்களுக்கும் முழுச் சம்பளம் கிடைப்பதில்லை.

பாலஸ்தீனத் தலைமையிடமும் குறை உண்டு. 2006-க்குப் பிறகு அங்கே நாடாளுமன்றத் தேர்தலே நடக்கவில்லை. 2023 அக்டோபர் 7 அன்று பாலஸ்தீன ஆயுதக்குழுவான ஹமாஸ் இஸ்ரேலில் செய்த கொலைகளை யாரும் நியாயப்படுத்த முடியாது. அதற்காக ஒரு மக்கள் கூட்டத்தின் மண்ணையே பறிப்பது என்ன நியாயம்?

இந்தியா 1988-லேயே பாலஸ்தீனத்தை அங்கீகரித்துவிட்டது. ஐ.நா.வில், இஸ்ரேலும் பாலஸ்தீனமும் இரு நாடுகளாக இருக்க வேண்டும் என்ற நியூயார்க் பிரகடனத்துக்கும் ஆதரவாக வாக்களித்தது. நல்லது. ஆனால் ஆக்கிரமிப்பு சட்டவிரோதம், அதற்கு எந்த நாடும் துணைபோகக் கூடாது என்று 2024 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் சொன்ன கருத்தை நாம் செயலில் காட்ட வேண்டாமா? குடியேற்றங்களிலிருந்து வரும் பொருள்களை வாங்க மாட்டோம் என்று இந்திய அரசு அறிவிக்க வேண்டும். அடுத்த தலையங்கத்தில் அதைக் கேட்டு எழுதுங்கள்.

தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சி.