மைதானம் யார் பேரில்?

டூட்டிங், தென் லண்டன்
ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் நலம். நீங்கள், அம்மா, அக்கா, பிள்ளைகள் எல்லாரும் நலந்தானே? முட்டுவலிக்குக் கொடுத்தனுப்பிய தைலம் வந்து சேர்ந்ததா? அதைத் தேய்த்துவிட்டுக் கோல்போஸ்ட் பக்கம் போய் நிற்காதீர்கள்.

போன வாரம் நீங்கள் பேசியதில் பாதிதான் காதில் விழுந்தது, மீதியைக் கடற்காற்று கொண்டுபோய்விட்டது. அதனால்தான் கடிதம். எனக்குப் புரிந்தது இதுதான்: பழைய மைதானத்தைக் கடல் எடுத்துக்கொண்ட பிறகு, மேட்டில் இருக்கும் தென்னந்தோப்பை நம்ம ஃபுட்பால் கிளப்புக்காக வாங்கித் தருகிறேன் என்று துபாய்க்கார அண்ணன் சொல்லியிருக்கிறார். பத்திரம் மட்டும் அவர் பேரில் இருக்குமாம். ஊர்க் கமிட்டி இரண்டாக நிற்கிறது. பங்குச் சாமியார் வாயைத் திறக்கவில்லை. "நீ பந்து பிறந்த நாட்டில் இருக்கிறவன், அங்கே எப்படி என்று பார்த்து எழுது" என்றீர்கள். சரி, எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

நம்ம பசங்களுக்கு இங்கிலாந்து என்றால் டிவியில் வருகிற லிவர்பூலும் ஆர்சனலும்தான். அந்த மேல் நாலு டிவிஷனில் 92 கிளப்புகள். அதற்குக் கீழே இருப்பது எல்லாவற்றையும் சேர்த்து 'நான்-லீக்' என்கிறார்கள். பேரைக் கேட்டு லீக்கே கிடையாது என்று நினைத்துவிடாதீர்கள். படிக்கட்டு மாதிரி லீக்குக்குக் கீழே லீக் இறங்கிக்கொண்டே போகும். சீசன் முடிவில் மேலே நின்றால் ஒரு படி ஏற்றம், அடியில் நின்றால் ஒரு படி இறக்கம். கீழ்ப்படிகளில் ஆடுகிறவன் பகலில் எலக்ட்ரீஷியனாகவோ வாத்தியாராகவோ இருப்பான், செவ்வாய்க்கிழமை ராத்திரி வந்து ஆடுவான். டீமுக்கு ஏழு பேராக ஆடுகிற நம்ம செவன்ஸ் ஆட்டக்காரர்கள் வலையை உதறிவிட்டு நேரே மைதானத்துக்கு வருகிற மாதிரிதான்.

நான் பார்க்கப் போவது டூட்டிங் அண்ட் மிச்சம் யுனைடெட். டூட்டிங் டவுன், மிச்சம் வாண்டரர்ஸ் என்ற இரண்டு பக்கத்து டீம்கள் 1932இல் ஒன்றாகச் சேர்ந்து உண்டான கிளப். நம்ம ஊரும் பக்கத்து ஊரும் ஒரே டீமாவதை நினைத்துப் பாருங்கள், கல்யாணமே நின்றுபோகும். பேர் டூட்டிங் என்றாலும் மைதானம் இருப்பது மோர்டன் பக்கம், நான் பஸ் பிடித்துத்தான் போக வேண்டும். நுழைவுக்குப் பத்துப் பன்னிரண்டு பவுண்டு. உள்ளே போனால் டீ, சிப்ஸ், பர்கர். பெரிய டிவிஷன் மைதானங்களில் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே பீர் குடிக்கச் சட்டம் விடாது, இங்கே விடும். (அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது இந்த வரியைத் தாண்டிவிடுங்கள்.) எனக்குப் பிடித்தது ஒன்று: நம்ம டீம் எந்தப் பக்கம் கோல் அடிக்கப் போகிறதோ அந்தக் கம்பத்துக்குப் பின்னால் ஆதரவாளர்கள் நிற்பார்கள். இடைவேளையில் பக்கம் மாறியதும் கப்பும் கையுமாக மொத்தக் கூட்டமும் கோட்டோரமாக நடந்து அடுத்த கோடிக்குப் போகும். எதிர் டீம் ஆட்கள் எதிரே வருவார்கள். நடுவழியில் இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று கடக்கும்போது கேலி பறக்கும், ஆனால் கை ஓங்கி நான் பார்த்ததில்லை.

நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் இருக்கும் ஒரு பெரியவரைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கூட்டிக்கொண்டு போவேன். கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட கழுத்துத்துணியை ஜூலையிலும் கழற்ற மாட்டார். 1959 ஜனவரியில் பத்து வயசுப் பையனாக, மிச்சம் பகுதியில் சாண்டி லேன் என்ற பழைய மைதானத்தில் அவர் பார்த்த ஆட்டத்தை எனக்கு வாரம் ஒரு தடவை சொல்கிறார். பெரிய கிளப்பும் சின்னக் கிளப்பும் கலந்து ஆடும் நாக்-அவுட் போட்டியான எஃப்.ஏ. கோப்பையின் மூன்றாம் சுற்று. வந்தது முதல் டிவிஷன் டீம் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட். தரை உறைந்து கல்லாகக் கிடந்ததாம். இடைவேளையில் டூட்டிங் 2–0. அப்புறம் அந்த உறைந்த வரப்பில் பந்து எக்குத்தப்பாகத் துள்ளி ஒரு சொந்த கோல், ஒரு பெனால்டி, 2–2. மறு ஆட்டத்தில் ஃபாரஸ்ட் ஜெயித்து, கடைசியில் அந்த வருஷக் கோப்பையையே தூக்கிக்கொண்டு போனது. பந்து எப்படித் துள்ளியது என்று காட்டப் பெரியவர் டீ கப்பைக் கவிழ்த்து மேசையில் தட்டுவார். அந்த சாண்டி லேன் இன்று வீடுகள். 2002இல் கிளப் இப்போதைய இடத்துக்கு வந்தது.

இனி நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

டூட்டிங்குக்கு வழிவழியாக ஆகாத கிளப் டல்விச் ஹேம்லெட். 1893இல் தொடங்கியது, சட்டை இளஞ்சிவப்பும் கருநீலமும். சாம்பியன் ஹில் என்ற அவர்களுடைய மைதானம் சாதாரணமானதல்ல. 1948 ஒலிம்பிக்கில் தென்கொரியா மெக்சிகோவை 5–3 என்று வென்றது அங்கேதான். (நம்ம இந்தியப் பசங்கள் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி பிரான்ஸிடம் 1–2 என்று தோற்றதாகச் சொல்வீர்களே, அது லண்டனின் கிழக்கே இல்ஃபோர்டில். இரண்டு பெனால்டியை வீணாக்காமல் இருந்திருந்தால் என்று இன்னும் கணக்குப் போடுகிறீர்களா?) 1990களின் தொடக்கத்தில் அந்தப் பழைய மைதானத்தை இடித்து, இடத்தில் ஒரு பகுதியை சூப்பர் மார்க்கெட்டுக்கு விட்டு, மீதியில் சின்னதாகப் புது மைதானம் கட்டினார்கள். பிறகு நிலம் வீடு கட்டும் கம்பெனியின் கைக்குப் போனது. கிளப் நடந்துகொண்டிருந்தது, கூட்டமும் பெருகியது. ஆனால் கிளப் ஒருத்தருடையது, காலடி மண் இன்னொருத்தருடையது. 2018 மார்ச்சில் கிளப்பை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். அதோடு விட்டார்களா? கிளப்பின் பேரையே வணிகமுத்திரையாக இன்னொரு கம்பெனி பதிவு செய்து வைத்திருக்கிறது, இனி அந்தப் பேரை நீங்கள் போடக் கூடாது என்று வக்கீல் கடிதமும் வந்தது. நூற்றிருபத்தைந்து வருஷப் பேர், அப்பா! நம்ம கிளப் போர்டை எவனோ வந்து கழற்றி எடுத்துக்கொண்டு போகிற மாதிரி.

அப்போது அவர்களுக்கு இடம் கொடுத்தது யார் தெரியுமா? எங்கள் டூட்டிங். ஆகாதவன் வீட்டில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு அந்தக் கடைசி ஆட்டங்களை ஆடி, அதே மைதானத்தில் ஹெண்டன் என்ற கிளப்பைப் பெனால்டியில் தோற்கடித்து ஒரு படி மேலேயும் ஏறினார்கள். "எங்கள் மைதானத்தில் பிங்க் கொடி பிடித்து ஆடினான்கள்" என்று பெரியவர் இன்றைக்கும் முகத்தைச் சுளிப்பார். கொஞ்சம் பொறுத்து, "தெருவில் நிற்க விட முடியுமா?" என்பார். ஊர்க்காரர்களும் லண்டன் மேயரும் எம்.பி.யும் குரல் கொடுத்து, பேர் திரும்பி வந்தது. 2018 டிசம்பர் 26ஆம் தேதி சாம்பியன் ஹில்லுக்கே திரும்பினார்கள்.

இது நல்லபடியாக முடிந்த கதை. இன்னொன்று இருக்கிறது, அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கே இன்னும் தெரியவில்லை.

விம்பிள்டன் என்றால் உங்களுக்கு டென்னிஸ். என் அறைத் தோழன் யாழ்ப்பாணத்துப் பையனுக்கு அங்கே இருக்கும் பிள்ளையார் கோயில். பந்தில், 1988இல் லிவர்பூலை வென்று எஃப்.ஏ. கோப்பை வாங்கிய கிளப் அது. 1991இலேயே சொந்த மைதானத்தை விட்டு வேறொரு கிளப்பின் மைதானத்தில் குடியேறியது.  2002இல் கிளப்பை மில்டன் கீன்ஸ் என்ற தூரத்து ஊருக்கே பெயர்த்துக்கொண்டுபோக முதலாளிகளுக்கு அனுமதி கிடைத்தது. ஆதரவாளர்கள் அழுதுகொண்டு உட்காரவில்லை. பொதுத்திடலில் ஆள்தேர்வு நடத்தி ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்று புதுக் கிளப் தொடங்கினார்கள். முதலாளி கிடையாது, ஆதரவாளர்களின் டிரஸ்ட்தான் சொந்தக்காரர். ஒன்பதே வருஷத்தில் படிப்படியாக ஏறி 2011இல் அந்த 92க்குள் போய்விட்டார்கள். இதைக் கேட்டபோது எனக்குப் புல்லரித்தது.

ஆனால் இந்தப் புதுக் கிளப் ஆட மைதானம் எங்கிருந்து வந்தது? பக்கத்தில் கிங்ஸ்டனியன் என்று 1885இல் தொடங்கிய கிளப். 1999இலும் 2000இலும் வெம்ப்ளியில் நான்-லீக் கிளப்புகளுக்கான எஃப்.ஏ. டிராஃபி ஜெயித்தவர்கள். கடனில் சிக்கினார்கள். அவர்களுடைய கிங்ஸ்மெடோ மைதானத்தின் குத்தகை அப்போதைய கிளப் முதலாளி கைக்குப் போய், 2003இல் அவர் அதை விம்பிள்டன் ஆதரவாளர்களுக்கு விற்றார். கட்டிய வீட்டிலேயே கிங்ஸ்டனியன் வாடகைக்காரர் ஆனது. விம்பிள்டன்காரர்கள் வாடகையைக் கறந்தார்கள் என்று யாரும் சொல்வதில்லை, உதவத்தான் செய்தார்கள். இருந்தாலும் அவர்கள் தங்கள் பழைய தெருவுக்கே திரும்ப வேண்டுமென்று கிங்ஸ்மெடோவை செல்சீக்கு விற்க, 2017இல் கிங்ஸ்டனியன் மூட்டையைக் கட்டியது. முதலில் லெதர்ஹெட், பிறகு டோல்வொர்த், பிறகு எங்கள் டூட்டிங் மைதானத்திலும் கொஞ்ச காலம். 2020 நவம்பரில் விம்பிள்டன் தன் பழைய தெருவான பிளவ் லேனில் கட்டிய புது மைதானத்துக்குத் திரும்பியபோது பலரும் கொண்டாடினார்கள். மைதானத்தைப் பறிகொடுத்தவர்கள் போட்ட வழிதான், ஆனால் அந்த வழியில் இன்னொருவன் வீடு போயிருக்கிறது. நான் அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். கிங்ஸ்டனியன்காரர் எதிரே நின்றால் அவரிடம் இதை வாய்விட்டுச் சொல்லவும் மாட்டேன்.

அதனால் துபாய்க்கார அண்ணன் நல்லவரா கெட்டவரா என்று கமிட்டியில் சண்டை போடாதீர்கள். நல்லவர்தான். போன திருவிழாவுக்கு ஜெர்சி வாங்கிக் கொடுத்தவர், எனக்கு விசா செலவுக்குக் கைகொடுத்தவர். வள்ளம் ஒருத்தர் பேரில் இருந்தாலும் ஓட்டலாம், பழுதானால் வேறு வாங்கலாம். மைதானம் அப்படியில்லை. அவருக்குப் பிறகு அவர் பிள்ளைகள் வருவார்கள், அவர்களுக்கு நம்ம ஊர் மணலே தெரியாது. மேட்டில் ரிசார்ட் கட்டுகிறவன் ஒருவன் வந்து விலை கேட்டால் போதும். ஆகையால் பணத்தை அவர் கொடுக்கட்டும், அவர் அப்பா பேரைப் பெரிசாக எழுதிக் கேலரி வைப்போம். பத்திரம் மட்டும் கிளப்பைச் சங்கமாகப் பதிவு செய்து அந்தப் பேரிலோ, பங்குக் கோயிலின் பேரிலோ இருக்கட்டும். விற்க வேண்டுமானால் பொதுக்குழு முழுவதும் கையெழுத்துப் போட வேண்டும் என்ற வரியைச் சங்க விதியிலேயே எழுதச் சொல்லுங்கள். கிளப் பேரையும் இப்போதே பதிந்துவிடுங்கள், டல்விச் கதையை மறக்க வேண்டாம்.

இதை நீங்களே அவரிடம் சொல்லுங்கள், கமிட்டி மூலம் போக வேண்டாம். உங்களிடம் பந்து கற்றவர், உங்கள் பேச்சைத் தட்ட மாட்டார். முடிந்தால் பழைய கிரயப் பத்திரத்தின் நகலை அக்காவிடம் கொடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் போடச் சொல்லுங்கள். தோப்பின் தெற்கு எல்லையில் வழிப்பாதைத் தகராறு ஒன்று இருந்ததாக ஞாபகம். கார்னர் கொடி எங்கே வரும் என்பதே அதைப் பொறுத்திருக்கிறது.

நாளைக்குக் காலை ஷிப்ட். சனிக்கிழமை பெரியவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். குளிர் கடுமை, அவருக்கு இரண்டு கம்பளி, எனக்கு அம்மா தைத்த அந்தப் பழைய மஃப்ளர்.

அன்புடன்,
உங்கள் சின்னவன்