2024ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை: எடியைத் தடை செய்ததும் திரும்பக் கூப்பிட்டதும்

தலைவர் அண்ணாவுக்கும், பொருளாளருக்கும், வந்திருக்கும் அங்கத்தவர்களுக்கும், கூட்டம் முடிந்தால் விளையாடலாம் என்று வாசலிலேயே காத்து நிற்கும் தம்பிமாருக்கும் வணக்கம். ஆண்டறிக்கை என்றால் எல்லாம் இனிதே நடந்தேறியது என்று எழுதிவிட்டு உட்காருவதுதான் வழக்கம். இந்த முறை எல்லாம் இனிதே நடக்கவில்லை, அதில் பாதி என் பிழை, ஆகவே நடந்தபடியே எழுதியிருக்கிறேன். தலைப்பில் இருக்கும் எடி, நாம் விளையாடும் டெக்கன் 3 என்ற சண்டை வீடியோ விளையாட்டில் வரும் ஓர் ஆள்.

முதலில் சில்லறை விஷயங்கள். புதிதாக ஐந்து பேர் சேர்ந்தார்கள், மூன்று பேர் வெளிநாடு போய்விட்டார்கள். நான்கு போட்டிகள் வைப்பதாகத் திட்டம். மார்ச்சும் ஜூனும் சொன்ன தேதியில் நடந்தன. செப்டம்பர் 21 ஜனாதிபதித் தேர்தல் என்பதால் அந்த மாதப் போட்டி ஒக்டோபருக்குத் தள்ளிப் போனது. நவம்பர்ப் போட்டி நடக்கவே இல்லை. உயர்தரப் பரீட்சையையே ஒத்திவைத்த மழை அது, நம் அறைக்கு முன்னால் முழங்கால் அளவு தண்ணீர், டிவியைத் தூக்கி மேசை மேல் வைத்ததோடு சரி. மார்ச் போட்டிக்குத் திருகோணமலை உள்துறைமுக வீதியில் ஒட்டிய விளம்பரத் தாளில் பாதியை மான்கள் தின்றுவிட்டன. அடுத்த முறை உயரத்தில் ஒட்டச் சொல்லி மூன்று வருடமாக எழுதுகிறேன்.

இனி எடி கோர்டோ விவகாரம்.

பின்னணி எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் புதியவர்களுக்காகச் சொல்கிறேன். நம் சங்கத்தின் முக்கிய விளையாட்டு இன்னும் டெக்கன் 3தான், 1998இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த அதே சிடி, அதே பழைய குண்டு டிவி. (குண்டு டிவியை ஏன் இன்னும் வைத்திருக்கிறோம் என்று கேட்பவர்களுக்கு: பொத்தானை அமுக்கியதும் படத்தில் அடி விழும், தாமதமே இல்லை. பழைய பிளேஸ்டேஷன் பெட்டியைப் புதிய தட்டை டிவியில் மாட்டிப் பாருங்கள், உங்களுக்கே விளங்கும்.) 2023 கடைசிப் போட்டியில் கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு பள்ளிக்கூடப் பெடியன் எடியை எடுத்து, பெருக்கல், வட்டம் என்ற இரண்டு உதைப் பொத்தானையும் மாறி மாறித் தட்டி, நிர்வாகக் குழுவில் நான்கு பேரை வரிசையாக வீட்டுக்கு அனுப்பினான். அரையிறுதியில் போனது நான். மூன்று சுற்றிலும் நான் நின்றபடியே காலில் உதை வாங்கினேன்.

அதற்குப் பின் வந்த ஜனவரிப் பொதுக்கூட்டத்தில் எடியைத் தடை செய்யும் பிரேரணை வந்தது. எடி போனால் டைகர் ஜாக்சனும் போக வேண்டும், ஏனென்றால் டைகர் எடியின் அதே அடிகளை வேறு உடுப்பில் அடிக்கும் ஆள். கூடவே கோன், டொக்டர் பி என்ற வேறு இரண்டு ஆட்களும். பதினான்குக்கு ஒன்பது என்று நிறைவேறியது. வழிமொழிந்தவன் நான். “விளையாட்டின் தரத்தைக் காப்பாற்ற” என்று கூட்டறிக்கையில் எழுதியிருக்கிறேன், வாசித்தால் இப்போது சிரிப்பு வருகிறது. தோற்ற கோபம் என்று எழுதியிருந்தால் நேர்மையாக இருந்திருக்கும்.

மார்ச்சில் பிரச்சினை வரவில்லை. ஜூனில் வந்தது. இறுதிப் போட்டி, உப்புவெளித் தம்பி மொகுஜினை எடுத்தார். மொகுஜின் என்பது மரப்பொம்மை, தனக்கென்று ஒரு அடியும் கிடையாது, ஒவ்வொரு சுற்றுக்கும் வேறொரு ஆளின் பாணியை எடுத்துக்கொள்ளும், யாருடையது என்பது அது நிற்கும் விதத்தைப் பார்த்துத்தான் தெரியும். முதல் சுற்றில் போல் என்ற ஆள் மாதிரி நின்றது. இரண்டாவதில் லா என்ற ஆள் மாதிரி. மூன்றாவது சுற்றில் பொம்மை எடியைப் போலவே மெல்ல இடமும் வலமும் ஆடத் தொடங்கியது. பின்னால் இருந்தவர்கள் கதிரையை விட்டு எழும்பிவிட்டார்கள். தம்பி ஜோய்ஸ்டிக்கை மடியில் வைத்துவிட்டு இரண்டு கையையும் தூக்கி, “நான் தெரிவு செய்யேல்ல அண்ணா, அதுவா வந்தது” என்றார். விதியில் நாம் எழுதியிருந்தது “எடியையும் டைகரையும் தெரிவு செய்யக் கூடாது” என்றுதான். அவர் தெரிவு செய்யவில்லை, சரிதான்.

நடுவர் நான். கால் மணி நேரம் வாக்குவாதம், அதற்குள் பிளேன்டீ ஆறிப் போனது. கடைசியில் நான் கொடுத்த தீர்ப்பு இது: சுற்றைத் தொடரலாம், ஆனால் உதைப் பொத்தான் இரண்டையும் தொடக் கூடாது. காலால் மட்டுமே சண்டை பிடிக்கும் ஆளைக் கையால் சண்டை பிடிக்கச் சொன்னேன். தம்பி தோற்றார். இந்தச் சங்கத்தின் வரலாற்றில் இதைவிட மடத்தனமான தீர்ப்பு ஒன்றை நான் அறியேன், அவரிடம் இந்த அறிக்கை மூலம் மன்னிப்புக் கேட்கிறேன், வெற்றிக் கிண்ணத்தைத் திருப்பித் தரச் சொல்லி மற்றவரிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

ஒக்டோபரில் பதினொரு பேர்தான் பெயர் கொடுத்தார்கள். மார்ச்சில் வந்தவர்களில் பாதி. கிண்ணியாப் பக்கமிருந்து ஒருவரும் இல்லை. பெடியனுக்குச் செய்தி அனுப்பிக் கேட்டேன். “எனக்கு வேற ஆள் விளையாடத் தெரியாது அண்ணா, வந்து என்ன செய்ய” என்று பதில். அன்று இரவு எனக்குச் சரியாக நித்திரை வரவில்லை என்று எழுதினால் மிகை, ஆனால் உறைத்தது.

தடை என்பது நமக்கு மட்டும் வந்த தலையிடி இல்லை. அதிகம் பேசப்படும் உதாரணம் கௌகி, வெளிநாட்டில் அகுமா என்று பெயர். 1994இல் வந்த சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 டர்போவில் மறைத்து வைத்திருந்த ஆள். காற்றில் இருந்தபடியே சரிவாக நெருப்புப் பந்து எறிவான், மற்றவர்களுக்கு அந்த விளையாட்டில் அதற்குப் பதிலே வைக்கப்படவில்லை. எவ்வளவு பழகினாலும் பதில் இல்லாத இடத்தில் பதில் வராது. அதனால் போட்டிகளில் அவனைத் தடை செய்தார்கள். ஜப்பானில் எழுதி ஒட்டக்கூட இல்லை, எடுக்காமல் விடுவது ஒரு மரியாதை என்று ஆகிவிட்டது. அதற்கு எதிர்ப்பக்கம் மார்வல் வெர்சஸ் கப்கொம் 2. 2000இல் வந்தது, 56 பேர் இருக்கிறார்கள், பெரிய போட்டி என்றால் மக்னீட்டோ, ஸ்டோர்ம், சென்டினல், கேபிள் என்று நான்கு பேரின் முகத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். ஆனாலும் அவர்களைத் தடை செய்யவில்லை, ஏனென்றால் நால்வரும் ஒருவருக்கொருவர் பதில். மற்ற 52 பேர் பாவம், அது வேறு கதை.

இப்போது வரும் விளையாட்டுகளில் தடைக்கு வேலை குறைவு, கம்பனியே திருத்தத்தை இணையத்தில் அனுப்பிவிடும். டெக்கன் 7க்கு 2019 டிசம்பரில் லீரோய் ஸ்மித் என்ற புதிய ஆள் வந்தார். அடுத்த மாதமே ஜப்பானில் நடந்த எவோ என்ற பெரிய சண்டை விளையாட்டுப் போட்டியின் கடைசி எட்டுப் பேரில் ஆறு பேர் லீரோயைத்தான் வைத்திருந்தார்கள். கொஞ்ச நாளில் திருத்தம் வந்து அவர் பலம் குறைந்தது. நம் டெக்கன் 3 சிடிக்கு அப்படி யாரும் திருத்தம் அனுப்பப் போவதில்லை. நம்மிடம் இருக்கும் ஒரே திருத்தம் விதிப்புத்தகம். அதனால்தான் அதில் கை வைக்கும்போது கோபத்தில் வைக்கக் கூடாது என்கிறேன்.

டிசம்பரில் மழை விட்டதும் கிண்ணியாப் பெடியனை அறைக்குக் கூப்பிட்டேன். பஸ் காசு நான் கொடுத்தேன் (கணக்கில் இல்லை). இரண்டு மாலை இருவரும் எடியை மட்டும் விளையாடினோம். அவன் சும்மா தட்டவில்லை என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். எந்த உதைக்குப் பின் எது வரும், கையூன்றித் தலைகீழாக நிற்கும்போது எந்தப் பொத்தான் கீழால் சுழலும், எது மேலால் வரும் என்று எல்லாம் பெடியனுக்குப் பாடம். பிறகு அவனே சொல்லித் தந்தான்: “கீழால சுழலேக்க நீங்க குந்தி மறிக்கணும் அண்ணா, மறிச்சா நான் கொஞ்ச நேரம் அப்படியே கிடப்பன், அப்ப அடியுங்க.” பின்பக்கமும் கீழும் சேர்த்து அமுக்கி, குந்தி மறித்து, எழும்பும்போது ஒரு குத்து. முதல் மாலை ஒன்றுகூட வெல்லவில்லை. இரண்டாவது மாலை முடியும்போது பாதிக்குப் பாதி. ஒரு வருடமாகத் தடை போட்டுத் தடுத்த ஆளை இரண்டு மாலையில் மறிக்கப் பழகியிருக்கலாம்.

அப்புறம் கோனை எடுத்துப் பார்த்தோம். அந்தக் குட்டி டைனோசர் முழங்கால் உயரம். நின்று குத்தினால் குத்து தலைக்கு மேலால் காற்றில் போகிறது. அவன் ஒன்றும் செய்யாமல் சும்மா நின்றாலும் போகிறது. இதில் பழக என்ன இருக்கிறது, உயரத்தை யார் பழக முடியும்?

டிசம்பர் விசேட கூட்டத்தில் எடிக்கும் டைகருக்கும் இருந்த தடையை நீக்கினோம், கோனுக்கும் டொக்டர் பிக்கும் தொடர்கிறது. இனி யாராவது ஒரு ஆளைத் தடை செய்யக் கேட்டால், கேட்பவர் முதலில் அந்த ஆளுக்கு எதிராக நான்கு மாலையாவது பயிற்சி செய்துவிட்டு வந்து, எந்த அடிக்குப் பதில் இல்லை என்று எல்லோர் முன்னாலும் டிவியில் காட்ட வேண்டும் என்று விதியில் சேர்த்திருக்கிறோம். தலைவர் அண்ணா எதிர்த்து வாக்களித்தார், அவர் சொன்னதை விடாமல் பதிவு செய்கிறேன்: பதில் இருக்கிறது என்பதற்காகப் பார்க்கிறவனுக்கு அலுப்பு வராதா? 2018 எவோவில் ஸ்மாஷ் என்ற இன்னொரு சண்டை விளையாட்டின் இறுதிப் போட்டியில் இரண்டு பக்கமும் பயோனெட்டா என்ற ஒரே ஆள் நின்றபோது சனம் கூக்குரல் போட்டதே, அங்கே இருந்தவர்களுக்கு விளையாட்டுத் தெரியாதா? அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. என்னிடம் முழுப் பதில் இல்லை. அலுப்பு வந்தால் இடைவேளை விடலாம், பெடியனை வீட்டில் இருத்துவதைவிட அது மேல் என்றேன், அவர் சிரித்தார், சம்மதிக்கவில்லை.

டெக்கன் 8 பற்றியும் ஒரு வரி. ஜனவரி 2024இல் வந்தது, எடியைக் காசுக்கு விற்கும் முதல் மேலதிக ஆளாக ஏப்ரலில் அதிலும் கொண்டு வந்தார்கள், அவனை விட்டு ஓட முடியாது. ஒக்டோபரில் இரவல் வாங்கிய இரண்டு பெட்டிகளில் ஒன்று திருத்தம் ஏற்றியது, மற்றது ஏற்றாதது, இணையம் அன்று ஆமை வேகம், ஒரே அடி ஒரு டிவியில் தொடர்ந்து விழுகிறது, மற்றதில் நடுவில் அறுந்து போகிறது. செக்கனுக்கு 60 பிரேம், அதாவது 60 படம், ஓடும் விளையாட்டில் ஓரிரண்டு பிரேம் மாறினாலே கை பிழைத்துவிடும். இனிப் பெட்டி கொண்டுவருபவர்கள் முதல் நாளே வீட்டில் திருத்தம் ஏற்றி வரவும்.

ஜூலையில் லாகூர்க்காரர் அர்ஸ்லான் ஆஷ் எவோவில் டெக்கன் 8 வென்ற இரவை அறையில் சேர்ந்து பார்த்தோம், விடியும் மட்டும். 2019இல் ஒரே வருடத்தில் எவோ ஜப்பானையும் எவோவையும் அவர் வென்றபோது நம்மில் பலர் டெக்கனுக்குத் திரும்பி வந்தோம். அந்த ஜூலை இரவு கொத்து வாங்கிய செலவைப் பொருளாளர் “பயிற்சி” என்று கணக்கில் போட்டிருக்கிறார், கணக்காய்வாளர் கவனிக்கவும்.

கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். உப்புக் காற்றில் மூன்று ஜோய்ஸ்டிக்கின் உட்பக்கம் துருப்பிடித்துவிட்டது, இரண்டைத் துடைத்து மீட்டோம், ஒன்று போய்விட்டது. சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் யார் என்று அவர்களுக்கே தெரியும்.

கடைசியாக, நவம்பரில் தண்ணீர் வந்தபோது பத்திரமாக வைக்கிறேன் என்று எங்கள் மெமரி கார்டை யாரோ வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறீர்கள். டைகர், மொகுஜின் எல்லாம் திறந்திருப்பது அதில்தான். தடை நீக்கிய டைகரை எடுக்க முடியாமல் கிண்ணியாப் பெடியன் இரண்டு கிழமையாக என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறான், தயவுசெய்து ஞாயிற்றுக்கிழமைக்குள் கொண்டுவந்து தரவும்.