முதலில் மேசையில் நிற்கப் பழக்கு

மன்னவனூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. முயல் கண்காட்சிப் போட்டிக்குப் பேர் கொடுத்துவிட்டேன் என்று நீ சொன்னதிலிருந்து உங்கம்மா சிரித்துக்கொண்டே இருக்கிறாள். இங்கே இருந்தவரை மூக்கைப் பொத்திக்கொண்டுதான் கூண்டுப் பக்கம் வருவாய். இப்போது அமெரிக்காவில் உட்கார்ந்து நியூசிலாந்து வெள்ளை முயல் வளர்க்கிறாய். (பெயர்தான் நியூசிலாந்து, இனம் உருவானது உங்கள் அமெரிக்காவில்தான்.) நான் இங்கே ஆட்டுப் பண்ணையில் வாங்கி வளர்த்ததெல்லாம் வெள்ளை ஜெயின்ட்டும் சோவியத் சின்சில்லாவும். எதுவானாலும் முயல் முயல்தான்.

நீ அனுப்பிய வீடியோவை நாலு தடவை பார்த்தேன். மேசையில் வைத்ததும் அந்த ஆண் முயல் உடம்பைச் சுருட்டிக்கொண்டு பின்னால் போகிறது. வழுக்குகிற பலகை, அதான் பயம். ஒரு பழைய சாக்கை விரித்துப் போடு. தினமும் பத்து நிமிஷம் அதன்மேல் வை. முன்கால் கண்ணுக்கு நேர் கீழே, பின்கால் இடுப்புக்கு நேர் கீழே இருக்கட்டும். அப்புறம் மல்லாத்திப் பிடித்துப் பழக்கு. நடுவர் முதலில் பார்ப்பதே பல்லும் நகமும்தான். மேல்பல் கீழ்ப்பல்லுக்குச் சற்று முன்னால் மூடி நிற்க வேண்டும். ரெண்டும் முட்டிக்கொண்டு நின்றால் கழித்துவிடுவார்கள். தூக்கும்போது பின்பக்கத்துக்கு எப்போதும் ஒரு கை கொடு. தொங்கவிட்டால், அது காலை உதறுகிற வேகத்தில் முதுகெலும்பே முறிந்துபோகும். காதைப் பிடித்துத் தூக்குகிறவனைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வரும்.

எடைதான் கவலையாக இருக்கிறது. போட்டியில் எட்டு மாதம் தாண்டிய ஆணுக்கு 9 முதல் 11 பவுண்டு என்றாய். உன்னுடையது 9 பவுண்டு 2 அவுன்ஸ். வரப்பில் நிற்கிற மாதிரி. பயணத்தில் ஒருநாள் தீனி எடுக்காவிட்டால் 9க்குக் கீழே இறங்கிவிடும். அதற்காகப் புதுத் தீவனம் வாங்கித் திணிக்காதே, கழிச்சல் வந்தால் இருக்கிற எடையும் போய்விடும். அதே தீவனம், அதே காய்ந்த புல், வீட்டுத் தண்ணீர் ஒரு கேனில். ஊர் மாறினால் தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டுக் குடிக்காமல் திரும்பிக்கொள்கிற சாதி அது.

முடி உதிர்க்கிறதா என்று உள்ளங்கையை லேசாக நனைத்துத் தடவிப் பார். கொத்தாக வந்தால் இந்தத் தடவை அதை விட்டுவிட்டு வேறொன்றைக் கொண்டுபோ. இடது காதில் அடையாள எண்ணைப் பச்சை குத்தியாகிவிட்டதா? நான் மார்க்கர் பேனாவால் எழுதுவேன், பத்து நாளில் அழிந்துவிடும். அங்கே அந்தக் கதை நடக்காது.

சரி, இதைச் சொல்லத்தான் கடிதமே. நீ எட்டாம் வகுப்பு படிக்கும்போது, சித்திரையில், ஆறு குட்டிகளை வத்தலக்குண்டு வியாபாரிக்குக் கொண்டுபோனேன் அல்லவா? விடிகாலையில் பூம்பாறைக் குளிருக்குப் பெட்டியைச் சாக்கால் மூடியிருந்தேன். பெருமாள்மலை வரை எல்லாம் நன்றாகக் கொறித்துக்கொண்டிருந்தன. மலை இறங்க இறங்க வெயில் ஏறியது. சாக்கை எடுக்கத் தோன்றவில்லை, பக்கத்து சீட்டுக்காரரோடு பூண்டு விலை பேசிக்கொண்டிருந்தேன். கீழே வந்து பெட்டிக்குள் கைவிட்டேன். காது அப்போதுதான் இறக்கிய தோசை மாதிரி சுட்டது. வாயைத் திறந்து மூச்சு வாங்கின. முயலுக்கு வியர்க்காது, உடம்புச் சூட்டை முக்கியமாக அந்தக் காது வழியாகத்தான் வெளியே விடும். 30 டிகிரி தாண்டினாலே திணறும். உன்னிடம் ஆறும் விற்றுவிட்டேன் என்றேன். நாலுதான் விற்றேன்.

அதனால் காரில் ஏசி இருக்கிறது என்று மாப்பிள்ளை சொன்னாலும், தண்ணீர் பாட்டிலை உறையவைத்துத் துணி சுற்றி ஒவ்வொரு கூண்டிலும் ஒன்று போடு. சாப்பிட இறங்கினால் ஒருத்தர் காரிலேயே இருங்கள். அடிக்கடி காதைத் தொட்டுப் பார்.

திரும்பி வந்ததும் மற்றதோடு சேர்க்காதே, ஒரு மாதம் தனியாக இருக்கட்டும். அதற்குக் கடைசியில் தீனி போட்டுவிட்டுக் கை கழுவு.

போட்டோ அனுப்பு. மூஞ்சியை மட்டும் எடுக்காதே, இடுப்பும் பின்தொடையும் தெரிய பக்கவாட்டில் எடு. அம்மாவுக்கு வேண்டுமானால் மூஞ்சி தனியாக ஒன்று.

அன்புடன்,
அப்பா