வைத்தாங்கியில் அப்பாவைத் தலைவராக்கியவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

ஊரிலிருந்து வந்திருந்த அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போன மாதம் ஆக்லாந்திலிருந்து, நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் தலைவர்கள் பிரிட்டிஷ் அரசியோடு ஒப்பந்தம் செய்த வைத்தாங்கிக்கு வந்தோம். உங்களில் ஒருவர் பெயரையும் சரியாகக் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை. அதனால் எல்லோருக்கும் சேர்த்தே இந்த மடல்.

முதல் நன்றி, தையாஹாவோடு எதிரே வந்த தம்பிக்கு. விருந்தினர் கூட்டத்திற்கு ஒரு தலைவர் வேண்டும் என்றதும் வழிகாட்டி அக்கா அப்பாவைக் கைகாட்டிவிட்டார். அவருக்கு 74 வயது, இரண்டு முட்டியும் தகராறு. நீங்கள் கண்ணை உருட்டி, அந்த நீண்ட மர ஆயுதத்தைச் சுழற்றிக்கொண்டே வந்து ஒரு தழையைத் தரையில் வைத்தீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்தபடியே அதை எடுத்தால், சமாதானமாக வந்திருக்கிறோம் என்று பொருளாம். அப்பா பாதி குனிந்து அப்படியே நின்றுவிட்டார். நான் ஓடப் பார்த்தேன், கையை அசைத்துத் தடுத்துவிட்டார். நீங்களோ முறைப்பைத் துளியும் தளர்த்தாமல், அசையாமல் காத்திருந்தீர்கள். அங்கே பரிதாபப்பட்டு ஒரு புன்னகை செய்திருந்தால்கூட அவர் கூசிப்போயிருப்பார். தழையோடு நிமிர்ந்தவரை அப்புறம் மூக்கோடு மூக்கு வைத்து ஹொங்கி செய்து வரவேற்றீர்கள். அம்மாவைத் தவிர வேறு யாரும் அவரிடம் அவ்வளவு நெருங்கி நான் பார்த்ததில்லை!

கூட்ட மாளிகையில் அப்பா தமிழில் நாலு வார்த்தை பேசினார். பேச்சு முடிந்தால் பேசியவர் பக்கத்து ஆட்கள் ஒரு பாட்டுப் பாடவேண்டும் என்பது மாவோரி மரபு. நாங்கள் விழிக்க, அம்மா எழுந்து தேவாரம் பாடிவிட்டார். அவர் உட்காரும்வரை வாய்திறக்காமல் கேட்ட கலைஞர்கள் அத்தனை பேருக்கும் நன்றி. 35 மீட்டர் நீளப் போர்ப்படகைக் காட்டியவருக்கும்தான். அது கௌரி மரத்தில் செய்தது என்றதும், "நம்ம கௌரியா?" என்று அம்மா நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

வழிகாட்டி அக்கா, உங்களுக்குத்தான் பெரிய கடன். அப்பா நாற்பது வருடம் பத்திரம் எழுதியவர். ஒரு சொல் மாறினால் ஒரு வீடே கைமாறும் என்பது அவருக்குத் தெரியும். 1840 பிப்ரவரி 4 அன்று இரவோடிரவாகப் பாதிரியார் ஹென்றி வில்லியம்ஸும் மகனும் ஒப்பந்தத்தை மாவோரியில் பெயர்த்தார்கள் என்று நீங்கள் சொன்னதுமே அவர் காது விடைத்துக்கொண்டது. ஆங்கிலப் படியில் முழு இறையாண்மையும் அரசிக்கு. மாவோரிப் படியிலோ அரசிக்குக் காவனதங்கா, அதாவது நிர்வாகம் மட்டும். ரங்கதிரதங்கா என்னும் தலைமை அவர்களிடமே. 500க்கும் மேற்பட்ட தலைவர்கள் ஒப்பமிட்டதில் ஆங்கிலப் படியில் இட்டவர்கள் 39 பேர்தான். "அப்படியென்றால் எந்தப் படி செல்லும்?" என்று அப்பா கேட்டார். மழுப்பாமல், உங்கள் நேரம் முடிந்த பிறகும் கொடிமரத்தடியில் நின்று, அந்த வழக்கு இன்றும் நடக்கிற கதையைச் சொன்னீர்கள். நிலம் இழந்தவர்களின் பேத்தியாக நின்று அதைச் சொல்வது லேசான வேலை இல்லை.

"சாட்சி யார்?" என்று அவர் விடாமல் கேட்டதற்கு அச்சுக்காரர் கொலென்சோவைச் சொன்னீர்கள். மாவோரித் தலைவர் ஹோனே ஹேக்கே கையெழுத்திடப் போகும்போது, இவர்களுக்கு இது புரிந்திருக்கிறதா என்று பிரிட்டிஷ் துணைநிலை ஆளுநர் ஹாப்சனையே கேட்டவர். மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்த ஒரு வெண்கலப் பாத்திரம், தமிழ் எழுத்துப் பொறித்த கப்பல் மணி என்பது வெளியே தெரியவந்ததும் அவரால்தானே! அது வெலிங்டனில் தே பாப்பா அருங்காட்சியகத்தின் சொத்து என்றதும் அப்பா டிக்கெட் போடச் சொல்லிவிட்டார். முகையதீன் வக்குசின் கப்பலுடைய மணி என்று எழுதியிருக்கிறதாம். பழைய எழுத்தாயிற்றே, தானே படித்துச் சரிபார்க்க வேண்டுமாம்.

கடைசியாக, மழை பிடித்ததும் அம்மாவின் தோளில் தன் சால்வையைப் போர்த்திய பெரியம்மாவுக்கு: திருப்பித் தராமல் வந்துவிட்டோம், மன்னிக்கவும். தோய்த்து, மடித்து, அஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். அதற்குள் ஒரு பொட்டலம் முறுக்கு இருக்கும், பார்த்துப் பிரியுங்கள்.

நன்றியுடன்,
முட்டிவலித் தலைவரின் மகள்