உத்திரமேரூரில் எங்களுக்குக் கல்வெட்டைப் படித்துச் சொன்னவர்களுக்கு நன்றி

வணக்கம். வைகுண்டப் பெருமாள் கோயிலைப் பார்க்க வந்த எங்கள் ஊராட்சி உறுப்பினர்களுக்கு அன்று துணையாக இருந்த எல்லாருக்கும் இந்த மடல்.

முதல் நன்றி ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயாவுக்கு. முதலாம் பராந்தகன் காலத்தில் 919இல் எழுதிய தேர்தல் விதியையும், 921இல் அதைத் திருத்தி எழுதியதையும் சுவரில் கை படாமல் வரிவரியாகப் படித்துக் காட்டினீர்கள். 30 குடும்பு (அந்தக் கால வார்டு), குடவோலை (பெயர் எழுதிய ஓலையைக் குடத்தில் போட்டு எடுக்கும் முறை) என்று பள்ளியில் படித்ததோடு சரி. குடத்திலிருந்து சின்னப் பையன் எடுக்கும் ஓலையை, மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும் என்றுகூட எழுதி வைத்திருக்கிறார்கள்! ஓலையை மாற்ற வழியே இல்லை.

எங்கள் மனதில் தைத்தது கணக்கு பற்றிய விதிதான். வாரியத்தில், அதாவது ஊர் வேலைகளைப் பார்க்கும் குழுவில், இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் போடக்கூடாது. அவருடைய சித்தி மகன், பெரியம்மா மகன், தாய்மாமன், மாமனார் பெயரையும் போடக்கூடாது. இதைக் கேட்டதும் எங்களில் பலர் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டோம்.

எழுத்து தேய்ந்த இடங்களில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்த காவலாளி அண்ணனுக்கும் நன்றி. அந்த வெளிச்சத்தில்தான் எழுத்தே கண்ணுக்குத் தெரிந்தது.

"இதில் பெண்கள் எங்கே?" என்று நான் கேட்டபோது ஐயா மழுப்பவில்லை. அது பிரம்மதேய ஊரின், அதாவது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊரின், சபை. கால் வேலிக்கு மேல் (வேலி என்பது பழைய நில அளவு) வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு, 35 முதல் 70 வரை வயது என்று தகுதி வைத்த சபை. பெண்களுக்கும், அந்த நிலத்தில் உழைத்தவர்களுக்கும் அதில் இடமில்லை என்று நேராகச் சொன்னீர்கள். இன்று தமிழ்நாட்டு ஊராட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு. அப்படி வந்தவள்தான் நான். அதனால் அந்த நேர்மையான பதிலுக்குத் தனியாக ஒரு நன்றி.

அப்புறம், ஏரிக்கரைக்கு அழைத்துப்போன விவசாயி பெரியவருக்கு. வைரமேகத் தடாகம் என்ற அந்த ஏரியைப் பார்த்துக்கொள்ள 6 பேர் கொண்ட ஏரி வாரியம் இருந்ததையும், தூர்வாரப் பொன் கொடுத்தவர்களைக் கல்லில் எழுதியதையும் கரையில் நின்றபடியே கேட்டோம். எங்கள் ஊர் ஏரி மதகு பற்றி நீங்கள் சொன்ன யோசனையைத் தீர்மானமாக எழுதிவிட்டோம்.

அக்டோபர் 2 கிராம சபையில் வரவு செலவை வாசித்த கையோடு அந்தக் கணக்கு விதியையும் வாசிக்கப் போகிறோம். நீங்கள் எல்லாரும் அவசியம் வர வேண்டும். மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான்.

அன்புடன்,
ஊராட்சி வார்டு உறுப்பினர் ஒருவர்