அக்ரானிலிருந்து அக்காவுக்கு

அக்ரான், ஒஹாயோ
21.11.2004

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ, அத்தான், பிள்ளைகள், அப்பா, அம்மா எல்லோரும் நலம்தானே?

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. மேசைமேல் கண்ணில் படும்படிதான் வைத்தேன். கண்ணில் படப்பட அதன்மேல் ஒரு புத்தகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். கோபித்துக்கொள்ளாதே. ஃபோன் பண்ணினால் கார்டு தீரும்வரை அம்மா அழுகிறாள், உருப்படியாக ஒன்றும் பேச முடிவதில்லை.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை என்று அவளிடம் சொல். மரச்சீனி இங்கேயும் கிடைக்கிறது, மெழுகு பூசி அடுக்கி வைத்திருக்கிறார்கள். மெழுகைச் சுரண்டி, தோலுரித்து, அவித்தால் நம் ஊர்க் கிழங்கு மாதிரி வெடித்து மலராது, நார்நாராக வரும். சாளைக்குப் பதில் டப்பா மீன். அதில் புளியைக் கரைத்து ஊற்றி ஏதோ ஒப்பேற்றுகிறேன். போன மாதக் கடைசியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்தார்கள். அதிலிருந்து ஐந்தேகாலுக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. யூனிவர்சிட்டிக்கு நடந்துதான் போகிறேன். நாற்பது நிமிடம், உடம்புக்கு நல்லது. குளிருக்குக் கோட்டு இருக்கிறது, கீழ்வீட்டுத் தாத்தா கொடுத்தது. (இந்த வரியை அம்மாவுக்கு வாசிக்காதே. வாங்கினான் என்று சொல்.)

அந்தத் தாத்தா ஒரு தனிப்பிறவி. என்னை ‘டாக்டர்’ என்றுதான் கூப்பிடுவார். இன்னும் பட்டம் வாங்கவில்லை என்று சொன்னாலும் கேட்கமாட்டார். ஜெனரல் டயர் தொழிற்சாலையில் டயர் கட்டியவர். 1982-இல் அதை மூடினார்கள். உலகத்துக்கே ரப்பர் தலைநகரம் என்று பேர் வாங்கிய ஊரில் டயர் வேலையெல்லாம் போன பிறகு ரப்பர் படிக்க வந்தாயே என்று என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

புறப்படும்போது அப்பா நம் ரப்பர் ஷீட்டில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தாரே, ஞாபகம் இருக்கிறதா? பெட்டியில் துணிக்கடியில் வைத்திருந்தேன். ஒருநாள் அதைத் தாத்தாவிடம் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார், அப்புறம் மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். காலை ஷிப்டுக்குக் கிடங்கைத் திறந்தால் இதே புகை வாசம்தான் முகத்தில் அடிக்குமாம். திருப்பித் தரும்போது அரை மனசாகத்தான் தந்தார். அன்று ராத்திரி நான் அதை மோந்து பார்த்திருக்கக் கூடாது அக்கா. அப்பாவின் சட்டை, விடிகாலை தலைவிளக்கு, ஷீட்டைப் புகையில் உலர்த்தும் நம் புகைப்புரை வாசலில் அம்மா வைத்துவிட்டுப் போகும் கட்டன் சாயா, எல்லாம் வந்துவிட்டது. மறுநாள் வகுப்புக்குப் போகவில்லை.

சரி, தம்பி விஷயத்துக்கு வருகிறேன். நீ சொன்னபடி அவனைத் திட்டி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஐடிஐக்கு ஒழுங்காகப் போகாமல், ஆசாரி வீட்டுப் பையனோடு சேர்ந்துகொண்டு, இரண்டே பேராகப் பேண்டு நடத்தப் போகிறானாம். நல்ல கூத்து. ஆனால் திட்ட வரவில்லை, அதற்குக் காரணமும் இந்த ஊர்தான்.

இங்கே ஒரு ஜோடி இருக்கிறது, டான் ஆர்பாக், பாட்ரிக் கார்னி. கிட்டத்தட்ட என் வயசு. ‘தி பிளாக் கீஸ்’ என்று பேர் வைத்திருக்கிறார்கள். நம் சர்ச் ஆர்மோனியத்தில் கறுப்புக் கட்டை என்போமே, அதேதான். ஊரில் மனநிலை சரியில்லாத ஓவியர் ஒருவர், யார்மேலாவது கோபம் வந்தால் கறுப்புக் கட்டை என்று வைவாராம். அந்த வசவையே பேராக எடுத்துக்கொண்டார்கள். டான் கிட்டார் வாசித்துப் பாடுவான், மற்றவன் டிரம்ஸ். அவ்வளவுதான் பேண்டு, பேஸ் கிட்டார்கூடக் கிடையாது. 2002-இல் வந்த முதல் இசைத்தட்டை கார்னி வீட்டு நிலவறையில் பதிந்தார்கள். இரண்டாவதையும் அங்கேயே, பதினாலே மணி நேரத்தில். அந்த நாட்களில் வாடகை வீடுகளுக்குப் புல் வெட்டித்தான் செலவைச் சமாளித்தார்கள். மூன்றாவது இந்த செப்டம்பரில் வந்தது. பேர் ‘ரப்பர் ஃபேக்டரி’. எங்கே பதிந்தார்கள் என்று நினைக்கிறாய்? தாத்தா வேலை பார்த்த அதே தொழிற்சாலைக்குள், காலியாகக் கிடந்த ஒரு மாடியில்.

தாத்தாவின் பேரன் அதை வாங்கி வந்து போட்டான். ஷீட் அடிக்கும் மிஷினுக்குள் கல் மாட்டிக்கொண்டால் ஒரு உறுமல் வருமே, கிட்டார் அப்படித்தான் இருக்கிறது. டிரம்ஸ் கொஞ்சம் சிங்காரி மேளம் மாதிரி, நின்று கேட்க வைக்கிறது. தாத்தா இரண்டு பாட்டுக்குக் காதில் கையை வைத்துக் கேட்டார். நாங்கள் இதைவிட அதிகமாகச் சத்தம் போட்டோம் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

இருவரும் காலேஜைப் பாதியில் விட்டவர்கள். அதைத் தம்பியிடம் மூச்சு விடாதே. புல் வெட்டினார்கள் என்பதை மட்டும் நன்றாக அழுத்திச் சொல். முதலில் ஐடிஐ முடிக்கட்டும். டிரம்ஸ் வாங்க கிழக்குப் பக்கம் பத்து மூடு ரப்பரை முறித்து விற்கலாம் என்று அப்பா யோசிப்பதாக எழுதியிருக்கிறாய். கூடவே கூடாது. ஷீட் கிலோ முப்பது ரூபாய்க்குக் கிடந்த காலத்திலேயே விற்கவில்லை, ஐம்பதைத் தாண்டிய பிறகா விற்பது? அந்த மரங்கள் இன்னும் பால் தரும். சித்தப்பா தரகரைக் கூட்டி வந்தால் நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றான் என்று சொல்லிவிடு. சர்ச்சில் கிடக்கும் பழைய செட்டைப் பாஸ்டரிடம் கேட்டால் தரமாட்டாரா? அத்தான் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அப்பாவுக்கு முட்டுவலி வந்ததிலிருந்து ஷீட் அடிக்காமல் ரப்பர் பாலாகவே கொடுத்துவிடுகிறார் என்று எழுதியிருந்தாய். அப்படியென்றால் புகைப்புரை சும்மாதானே கிடக்கிறது? அங்கே வைத்துத் தட்டச் சொல். மேல்வீட்டு மாமிக்குச் சத்தம் கேட்காது. வடக்கு மூலையில் ஒழுகும், முதலில் அவனே ஏறித் தகரம் போடட்டும். தகரத்துக்கான பணத்தை முட்டுவலி மருந்துக் காசோடு சேர்த்து ஜனவரியில் அனுப்புகிறேன். இந்த மாதம் பேங்கில் கொஞ்சம் தாமதம்.

கிறிஸ்துமஸ் ஸ்டாரை மாமரத்தில் கட்ட வேண்டாம், போன தடவை வயர் உரசி ஃபியூஸ் போனது.

உன் தம்பி