போன வரி தானாகத் திரும்பி வருமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

"வரியைக் குறைத்தால் வியாபாரம் பெருகும், பெருகிய வியாபாரத்திலிருந்து வரி தானாக வந்து சேரும்" என்ற பேச்சு தேர்தல் நெருங்கும்போதெல்லாம் மேடையேறுகிறது. இலங்கையில் இதை 2019 டிசம்பரிலேயே செய்து பார்த்தாயிற்று. வற், அதாவது பெறுமதி சேர் வரி (VAT), 15 சதவீதத்திலிருந்து 8 ஆனது. தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி 2 சதவீதமும் ஒழிந்தது. 2020 ஜனவரியில், மாதம் 10 இலட்சம் ரூபாய் விற்றாலே வற் பதிவு கட்டாயம் என்றிருந்த எல்லை 250 இலட்சத்துக்கு ஏறியது. அதே மாதம் சம்பளத்தில் கட்டாயமாகப் பிடிக்கும் வரியும் போனது. ஆபத்தான விளையாட்டு என்று, அப்போது நிதியமைச்சராக இருந்த மங்கள சமரவீர தேர்தலுக்கு முன்பே எச்சரித்திருந்தார். எடுபடவில்லை.

மாதம் 20 இலட்சம் விற்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். வரி நீங்கலாக 80 ரூபாய்க்கு வாங்கிய சவர்க்காரத்தை 100 ரூபாய்க்கு விற்கிறார்கள். பழைய முறையில் வாடிக்கையாளரிடம் 15 ரூபாய் வற் வாங்கி, மொத்த வியாபாரிக்குக் கொடுத்த 12 ரூபாயைக் கழித்து, 3 ரூபாயைக் கடைக்காரர் கட்டுவார். அந்த 12 ரூபாயை மொத்த வியாபாரி வழியாக வந்த சங்கிலி கட்டும். அரசுக்கு மொத்தம் 15. புதிய முறையில் கடை பதிவிலிருந்து விழுந்துவிட்டது. மொத்த வியாபாரி போடும் 6.40 மட்டுந்தான் மிச்சம். கடைக்காரரால் அதைக் கழிக்கவும் முடியாது என்பதால் அது கொள்விலையில் ஏறிவிடும். ஆக, 115 ரூபாய்ச் சவர்க்காரம் அதிகபட்சம் 106.40 வரை குறையலாம், அதுவும் கடைக்காரர் குறைந்த வரி முழுவதையும் விட்டுக்கொடுத்தால். அரசுக்குப் பழைய 15 ரூபாய் கிடைக்க, ஒரு சவர்க்காரம் விற்ற இடத்தில் 2.34 விற்க வேண்டும். விலை ஏழரை சதவீதம் குறைந்ததற்காக யார் இரண்டு மடங்குக்கு மேல் குளிக்கப்போகிறார்கள்?

சம்பளக் கணக்கு இதைவிட நேரானது. மாதம் 2 இலட்சம் வாங்கும் ஊழியருக்கு 2019இல் ஆண்டுக்கு 12 இலட்சம் விலக்கு. மீதி 12 இலட்சத்தில் முதல் 6 இலட்சத்துக்கு 4 சதவீதம், அடுத்த 6 இலட்சத்துக்கு 8 சதவீதம். ஆண்டு வரி 72,000 ரூபாய், அதாவது மாதம் 6,000. 2020இல் விலக்கு 30 இலட்சமானதும் அது பூச்சியமாகிவிட்டது. மிஞ்சிய 72,000 ரூபாயில் ஒரு சதமும் சேமிக்காமல் முழுவதற்கும் வற் உள்ள பொருள்களையே வாங்கினாலும் 8 சதவீத வற்றில் திறைசேரிக்குத் திரும்புவது சுமார் 5,300 ரூபாய். சம்பளம் கூடினால் வரியும் கூடுமே என்பார்கள். மாதம் இரண்டரை இலட்சம் வரை எவ்வளவு கூடினாலும் பூச்சியம் பூச்சியந்தான்.

நாட்டுக் கணக்கும் இப்படியேதான் முடிந்தது. 2019இல் சுமார் 1,735 பில்லியன் ரூபாயாக இருந்த வரி வருமானம் 2020இல் 1,217 பில்லியனுக்கு இறங்கியது. வற் வருமானம் ஏறத்தாழ பாதியானது.

கொரோனாதான் காரணம் என்பது வழக்கமான பதில். பாதி உண்மை. ஊரடங்கும் வாகன இறக்குமதித் தடையும் சுங்க வருமானத்தைத் தின்றன. ஆனால் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் வரியின் பங்கு என்று பார்த்தால், நாடு சுருங்கியதும் அந்தக் கணக்குக்குள்ளேயே வந்துவிடும். அந்தப் பங்கு 11 சதவீத அளவிலிருந்து 8 அளவுக்கு விழுந்தது. 2021இல் பொருளாதாரம் மீண்டும் வளர்ந்தபோது அதுவும் ஏறியிருக்க வேண்டுமே? 8ஐக்கூடத் தொடவில்லை.

வீதத்தைக் குறைத்ததைவிட வரி வலையைச் சுருட்டியதுதான் பெரிய தவறு என்பது என் எண்ணம். வற் வீதத்தை 2022 ஜூனில் 12, செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18 என்று சட்டென்று ஏற்ற முடிந்தது. பதிவு எல்லையோ 2024 ஜனவரியிலும் ஆண்டுக்கு 60 மில்லியன், பழைய 12 மில்லியனின் (மாதம் 10 இலட்சம்) ஐந்து மடங்கு. மூடிய கோப்பைத் திறப்பது அவ்வளவு கடினம். பதிவுள்ள கடைக்காரர் வரியைக் கழிப்பதற்காகவாவது வற் சிட்டை கேட்டு வாங்குவார். அந்தச் சிட்டையை வைத்துத்தான் உள்நாட்டு இறைவரித் திணைக்களம் மொத்த வியாபாரியின் விற்பனையைச் சரிபார்க்கும். கடை விழுந்தால் மேலே இருப்பவரும் கண்ணில் படமாட்டார். சம்பள வரியும் அப்படித்தான்: ஊழியர் சம்மதித்தால் மட்டும் பிடிக்கலாம் என்ற ஏற்பாடு 2023 ஜனவரி வரை நீடித்தது. சம்மதித்து வரி கட்டுவதற்கு எத்தனை பேர் வரிசையில் நிற்பார்கள்?

வரிக்குறைப்பே கூடாது என்று சொல்லவில்லை. வரி கடத்தலைத் தூண்டும் அளவுக்கு உயர்ந்திருந்தால் குறைப்பதால் வருமானம் கூடலாம். 15 சதவீத வற் அந்த ரகமல்ல. மந்தநிலையில் மக்கள் கையில் காசு விடுவதற்கும் நியாயம் உண்டு, ஆனால் அதற்கு விலை உண்டு என்று சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். இந்தியா 2019 செப்டெம்பரில் கம்பனி வரியைக் குறைத்தபோது, ஆண்டுக்கு 1.45 இலட்சம் கோடி ரூபாய் குறையும் என்று அந்த அரசே அன்றைக்கே அறிவித்தது. இங்கே மேடையில் வரிக்குறைப்புப் பேசுகிறவர்களிடம் கேட்க வேண்டியதும் அதுதான்: எவ்வளவு குறையும், அந்த ஓட்டையை எந்தக் கடனால் அடைப்பீர்கள்?

2020இல் அந்த ஓட்டையை மத்திய வங்கி பணம் அச்சடித்து அடைத்தது. கடன் தரப்படுத்தல் முகவரகங்கள் நாட்டின் தரத்தை இறக்கின, வெளிநாட்டில் புதுக்கடன் கிடைக்கவில்லை, 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்டுவது நின்றது. அதே 2 இலட்சம் சம்பளக்காரருக்கு 2023 ஜனவரியிலிருந்து மாதம் 10,500 ரூபாய் வரி பிடித்தார்கள். 2019இல் அவர் கட்டியது 6,000.

இப்படிக்கு,
கணக்காளர் ஒருவர்,
யாழ்ப்பாணம்